லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல்

தோட்டத்து லயத்தில் தேர்மோமீற்றர் உள்ள வீடு குறைவு. பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்றால் அம்மா புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றில். பக்கத்துக் காம்பராவிலிருந்து அப்பாயி வந்து தானும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். "கொதிக்குது" என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டால் காய்ச்சல் உறுதி. இதையே மருந்து வாங்கப் போன இடத்தில் சொன்னால், "எத்தனை டிகிரி? பார்த்தீங்களா?" என்ற கேள்வி வரும். பார்க்கவில்லை என்றதும் தாய் சொன்னதன் மதிப்பு பாதியாகிவிடும்.

பிரிட்டனில் வைத்தியர்களுக்கான வழிகாட்டிகளை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் காய்ச்சலுக்கென்று 2007-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2013-லும் 2019-லும் அதைப் புதுப்பித்தது. பெற்றவர்கள் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இருக்கிறது என்று சொன்னால், அதை நம்பத் தகுந்த தகவலாகவே வைத்தியர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அங்கே ஒவ்வொரு வீட்டிலும் தேர்மோமீற்றர் வாங்க வசதி இருக்கிறது. அப்படியிருந்தும் தாயின் கைக்கு அந்த மரியாதை.

அதே வழிகாட்டி சொல்லும் இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். காய்ச்சல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் கடுமையானதா என்று முடிவுகட்டக் கூடாது. 104 டிகிரியில் கிடக்கும் பிள்ளைக்கு இரண்டு நாளில் ஆறிவிடும் சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். 101 டிகிரி மட்டுமே உள்ள பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். கைக்குழந்தைகள் மட்டும் இதற்கு விலக்கு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 பாகை செல்சியஸ் தொட்டாலே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிரிக்கிறது, பால் குடிக்கிறது என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 39 பாகை வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகள் விஷயத்தில் பார்க்க வேண்டியது பிள்ளையைத்தான். ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளையைப் பார்க்கிற கண்ணுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கண் கண்டதைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள், கேட்டதும் புறப்பட ஒரு வண்டி, புறப்பட்டதற்காகச் சம்பளத்தில் கைவைக்காத ஒரு தோட்டம், இவைதான் குறைவு. எதைப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மூச்சை எண்ணுங்கள்

மலைநாட்டுச் சிறுபிள்ளையின் காய்ச்சலில் முதலில் கவனிக்க வேண்டியது நெஞ்சை. குளிர், ஈரம் குடித்த சுவர், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாறு பேர், போதாததற்கு விறகடுப்புப் புகை. தடிமன் நெஞ்சுக்கு இறங்க இதற்குமேல் என்ன வேண்டும்?

நிமோனியாவைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில், கோப்பி விளையும் பிரதேசத்தில், கொரோக்கா என்று ஒரு நகரம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்த குழந்தை நல மருத்துவர் ஃபிராங்க் ஷானும் அவரோடு இருந்தவர்களும், எக்ஸ்ரே இல்லாத, ஸ்டெதஸ்கோப் பிடிக்கத் தெரியாத ஒரு சுகாதார ஊழியர் எதை வைத்து நிமோனியாவை அறிய முடியும் என்று ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை இரண்டு: பிள்ளை மூச்சு விடும் வேகம், மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிவது. உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதும் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறை இந்த வழியில் வளர்ந்ததுதான். நம்மைப்போல் ஒரு குளிர்மலையில், நம்மைப்போல் வசதி குறைந்த மக்களிடையே கண்டறியப்பட்டது. லயத்தில் யாரும் செய்யலாம்.

பிள்ளை அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. தூங்கும்போது அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் கம்பளி, தலையில் குல்லா. அத்தனையையும் நெஞ்சுக்கு மேலே ஒதுக்கிவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், கண்ணில் அடிக்க வேண்டாம். நெஞ்சும் வயிறும் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. போனில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. குழந்தைகள் நாலு மூச்சு வேகமாக விட்டு, சற்று நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்குமேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும்வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் காத்திருக்க நேரமில்லை. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது எல்லாமே அந்தக் கணத்தில் புறப்பட வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்ன நீலத்துக்குக் காத்திருந்தவர்கள் பல நேரம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறார்கள். குழி விழுவதைப் பார்த்தவுடனேயே கிளம்புங்கள்.

மூச்சுக்கு அடுத்தது பாலும் தண்ணீரும். காய்ச்சலில் சோறு வேண்டாம் என்பது பிள்ளைக்கு இயல்பு. பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், மார்பில் வைத்தாலும் உறிஞ்சவில்லை என்றால் அது வேறு. குடித்ததையெல்லாம் ஒன்று விடாமல் வாந்தி எடுப்பது, வலிப்பு வருவது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றையும் சேர்த்து இந்த நான்கையும் உலக சுகாதார நிறுவனம் பொதுவான ஆபத்து அறிகுறிகள் என்கிறது. ஒன்று இருந்தாலே போதும். மூத்திரம் எப்போது போனான் என்பதையும் நினைவில் வையுங்கள். காலையிலிருந்து பிற்பகல்வரை துணி நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது என்றால் உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது.

உச்சிக்குழி மூடாத குழந்தை அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அந்த இடம் வீங்கித் தெரிந்தாலோ, பெரிய பிள்ளை கழுத்தை வளைக்க முடியாமல் கத்தினாலோ மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். இலங்கையில் 2008 தொடக்கத்தில் அறிமுகமாகி 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் 'ஹிப்' கிருமிக்கும் பாதுகாப்பு இருக்கிறது. எல்லாக் கிருமிகளுக்கும் இல்லை.

கையும் காலும் சில்லிட்டால்

உடம்பு நெருப்பாகச் சுடும்போது கையும் காலும் குளிர்ந்து கிடப்பதை நம் தாய்மார் பலர் பார்த்திருப்பார்கள். "குளிருக்குத்தான்" என்று காலுறை போட்டுவிடுவது நம் வழக்கம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைப்பற்றி முக்கியமான ஒன்றைச் சொன்னது. மெனிஞ்சோகொக்கஸ் என்ற கொடிய கிருமி தாக்கிய 448 பிள்ளைகளின் நோய் எப்படி முற்றியது என்று அவர்கள் மணிவாரியாகத் தேடிப் பார்த்தார்கள். கழுத்து விறைப்பு, தடிப்பு, நினைவு தவறுதல் என்று பாடப் புத்தகம் சொல்லும் அறிகுறிகள் தெரிய 13 முதல் 22 மணி நேரம் ஆனது. கால்வலி, குளிர்ந்த கைகால், வெளிறிய அல்லது திட்டுத்திட்டான தோல் நிறம் ஆகியவை சராசரியாக எட்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டன. இரத்தத்தில் கிருமி பரவும்போது உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற ஓரங்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. அதன் அடையாளம்தான் அந்தக் குளிர்ச்சி.

அறை குளிரா, நோய் குளிரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிள்ளையின் நெஞ்சின் நடுவில் விரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குமேல் எடுத்தால் புறப்படுங்கள். மாநிறப் பிள்ளைகளிடம் வெளிறலைக் கன்னத்தில் தேடினால் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும்.

உடம்பில் சிவப்போ ஊதாவோ புள்ளிகள் கண்டால் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். புள்ளி மறைந்தால் அவசரம் குறைவு. அழுத்தியும் மறையாமல் கண்ணாடி வழியே தெரிந்தால் தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்கிறது. அது உடனே போக வேண்டிய நிலை.

தடிப்பைக் கண்டால் "அம்மை போட்டிருக்கு, தாய் வந்திருக்கா" என்று வீட்டைச் சுத்தமாக வைத்து, மருந்து கொடுக்காமல் நேர்ந்துகொள்ளும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. மாரியம்மன்மேல் உள்ள அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து வையுங்கள், திருநீறு பூசுங்கள். வேகமான மூச்சோ, துவளலோ, மறையாத புள்ளியோ இருந்தால் அந்தத் திருநீற்றோடேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வலிப்பைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலில் வலிப்பு வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. பார்க்கிறவர்களுக்கு உயிர் போகிற காட்சிதான். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டியை வைப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். முதன்முறை வந்த வலிப்பு என்றால் நின்றபிறகும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

மலைக்கு ஏறி வரும் காய்ச்சல்கள்

இலங்கையில் மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்த குடும்பம் மட்டும் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. டெங்கு அப்படியல்ல. உயரமான, குளிர்ந்த தோட்டங்களில் நுளம்பு குறைவு என்பதால் "நம்ம பக்கம் டெங்கு வராது" என்ற நம்பிக்கை இருக்கிறது. நாட்டில் 186,000-க்கும் அதிகமானோர் டெங்கு என்று பதிவான, 400-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆண்டு 2017. மலையகத்து இளைஞர்களில் எத்தனையோ பேர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளும் லீவுக்குக் கொழும்புக்குப் போய் வருகிறார்கள். எங்கே போய் வந்தான் என்று வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

டெங்கின் கபடம், அது காய்ச்சல் விடும்போது தாக்குவது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்புச் சூடு இறங்கும். வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். காய்ச்சல் விட்டும் பிள்ளை தெளியவில்லை, வயிறு வலிக்கிறது என்கிறான், வாந்தி நிற்கவில்லை, பல்லீறில் இரத்தம், கைகால் குளிர்ச்சி, காரணமில்லாத எரிச்சல் அல்லது அசதி என்றால் அது அவசரம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

மத்திய மலைநாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று ஒரு வகை இருக்கிறது. பேராதனை மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நாய், மாடு, பற்றைக்காடு வழியாக உண்ணி கடித்து வருவது. நாள்கணக்கில் விடாத காய்ச்சல், மூட்டுவலி, உள்ளங்கை உள்ளங்காலிலும் பரவும் தடிப்பு. சரியான அன்டிபயோட்டிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அடையாளம் தெரியாமல் விட்டால் உறுப்புகளைத் தாக்கும். வீட்டில் நாய் இருக்கிறது, உண்ணி பிடுங்கினோம் என்ற ஒரு வார்த்தை வைத்தியருக்கு வழி காட்டும். ஓடை நீரை அப்படியே குடிக்கும் இடங்களில் நெருப்புக்காய்ச்சலையும் மறக்க முடியாது. இருமலும் தடிமனும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கும் குழந்தைக்குச் சிறுநீரில் கிருமி இருக்கலாம்; சிறுநீரைச் சோதிக்காமல் அது தெரியவராது. எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்டாமல் ஐந்து நாள் தாண்டக் கூடாது. கண் சிவந்து, உதடு வெடித்து, கைகால் வீங்கி ஐந்து நாள் நீடிக்கும் காய்ச்சல் இதயக் குழாய்களைத் தாக்கும் கவசாக்கி நோயாகவும் இருக்கலாம்.

கரண்டியும் கிலோவும்

பனடோல் சிரப் இல்லாத லயம் இல்லை. இங்கே ஒரு பிழை நடக்கிறது. மருந்தின் அளவை வயதை வைத்துத் தீர்மானிக்கிறோம். பராசிட்டமோல் கணக்கு எடையை வைத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணிக்கொரு முறை, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் கூடாது. 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 10 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீட்டர். 2016-ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். நாட்டின் சராசரி 17 சதவீதம்தான். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளைக்கு வயதுக்கேற்ற அளவு மருந்து கொடுத்தால் கூடிப்போகும், ஈரலைக் கெடுக்கும். கிளினிக் கொப்பியில் கடைசியாகக் குறித்த எடையைப் பாருங்கள். சாப்பாட்டுக் கரண்டியால் அளக்காதீர்கள், போத்தலோடு வரும் மூடியையோ சிரிஞ்சையோ வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்பிரினும் புரூபனும் வேண்டாம். டெங்காக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைப்பதையும் நைஸ் வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. நம் குளிரில் பிள்ளை நடுங்கும், அவ்வளவுதான். மூட்டை மாதிரிப் போர்த்துவதும் தேவையில்லை. மருந்து கொடுத்ததும் சூடு இறங்கிவிட்டால் நோய் சின்னது என்றும் நினைத்துவிடாதீர்கள். மூளைக்காய்ச்சலிலும் பராசிட்டமோல் சூட்டை இறக்கும்.

மிகவும் மெலிந்த பிள்ளைக்கும், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கும் கடும் நோயில் காய்ச்சலே வராமல் போகலாம், உடம்பு சில்லிட்டும் போகலாம். பாலை மறந்து, அசைவு குறைந்து கிடந்தால் சூட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அரைப் பேரும் ஐந்து மைல் ரோட்டும்

பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல். விடிந்தால் மலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், இல்லை. பாதியில் வந்தால் அரைப் பேர். அம்மா விடியற்காலையில் பனடோலைக் கொடுத்து, சூடு தணிந்த பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறாள். மருந்தின் வேகம் நாலைந்து மணி நேரத்தில் இறங்கும். பத்து, பதினொரு மணிக்கு மறுபடி சூடேறும்போது அம்மா கொழுந்துக் கூடையோடு எங்கோ ஒரு மலை உச்சியில் நிற்பாள். அந்த நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பிள்ளைக்காம்பரா ஆயா. இன்றைய பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலைய உத்தியோகத்தர். அந்தப் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் நாட்டிலேயே முக்கியமான சுகாதார ஊழியர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். மூச்சு எண்ணும் பயிற்சி, விநாடிமுள் உள்ள ஒரு மணிக்கூடு, ஒரு தேர்மோமீற்றர், தாயை மலையிலிருந்து கூப்பிடும் அதிகாரம் எல்லாம் அவருக்கு இருக்க வேண்டும். காலையில் மருந்து கொடுத்ததை ஆயாவிடம் மறைக்காதீர்கள் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறேன். காய்ச்சல் பிள்ளைக்காக மலையிலிருந்து இறங்கி வரும் தாயின் பேரைப் பாதியாக்காதீர்கள் என்று தோட்ட நிர்வாகங்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் சம்பளத்துக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மாலைவரை காத்துக் கிடக்கின்றன.

தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென்று இந்த நாட்டில் சட்டம் வந்தது 1872-ல், கோப்பிக் காலத்தில். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தோட்ட டிஸ்பென்சரி எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இல்லை. சில தோட்டங்களில் வைத்திய உதவியாளர் நாள்தோறும் இருப்பார். சில தோட்டங்களில் கதவு மூடியிருக்கும். இருப்பவரும் பட்டம்பெற்ற டொக்டர் அல்ல. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தால் டிஸ்பென்சரி திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் புதிய கட்டடத்தை 2017 மே 12-ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அன்று நோர்வூட் மைதானக் கூட்டத்தில் அவர் அறிவித்தவற்றில் ஒன்று, அதற்கு முந்திய ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 'சுவ செரிய' அம்பியூலன்ஸ் சேவையை மற்ற மாகாணங்களுக்கும் விரிப்பது. விரிந்தது. இன்று எந்தப் போனிலிருந்தும் 1990-ஐ அழைக்கலாம், காசில்லை, தமிழில் பேசலாம்.

அழைக்கும்போது ஒரு சிக்கல் வரும். லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை, வீட்டு இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்புவது, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஸ்டோர் என்று ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் வாய் குழறும். வண்டி ஏற முடியாத லயமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி நில்லுங்கள். மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் மாதங்களில் "காலையில பார்ப்போம்" என்று விடாதீர்கள். காலையில் ரோடு இருக்குமா என்று யாருக்குத் தெரியும். தோட்டத்து லொறியும் துரையின் ஜீப்பும் இந்த நேரத்துக்கு ஓடுவதை யாரும் உதவியாகக் கேட்கக் கூடாத நிலை வர வேண்டும். அது ஏற்பாடாக எழுதி வைக்கப்பட வேண்டிய விஷயம்.

வைத்தியசாலையில் மொழி இன்னொரு மலை. 1987-லிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் இரவு நேர வார்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். சிங்களம் சரளமாக வராத தாய்மார் நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பால் குடிக்கவில்லை என்பதற்கு "பபா கிரி பொன்னே நே". மூச்சு விடக் கஷ்டப்படுகிறது: "ஹுஸ்ம கன்ன அமாருய்". எழும்பவில்லை: "நெகிடின்னே நே". வலிப்பு வந்தது: "ஃபிட் ஏக்கக் ஹெதுனா". கிளினிக் கொப்பியையும், கொடுத்த மருந்தின் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மா சொன்னால்

லண்டனில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி வைத்தியசாலையிலேயே இரத்தத்தில் கிருமி பரவி இறந்தாள். பிள்ளை மோசமாகிறாள் என்று பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். நேரத்தோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மரண விசாரணை முடிவு சொன்னது. அவளுடைய தாய் மெரோப்பி மில்ஸ் விடாமல் போராடியதில், குடும்பத்தினர் கேட்டாலே வேறொரு வைத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும் என்ற 'மார்த்தா விதி' 2024-லிருந்து இங்கிலாந்து வைத்தியசாலைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. மெல்பேர்னில் உள்ள குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கவனித்து 2025-ல் வெளியான ஆய்வு இதற்கு ஆதாரமும் கொடுத்தது. "பிள்ளை மோசமாகிறான் என்று உங்களுக்குப் படுகிறதா" என்று பெற்றோரிடம் கேட்டதற்கு ஆம் என்று பதில் வந்த பிள்ளைகளே தீவிர சிகிச்சைக்குப் போகும் சாத்தியம் மிக அதிகம். நாடித்துடிப்பையும் மூச்சு வேகத்தையும்விட அந்தப் பதில் நெருக்கமாகப் பொருந்தியது.

அந்தக் கேள்வியை நம் வைத்தியசாலைகளிலும் கேட்கலாம். எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து ஈரச் சேலையோடு வந்து நிற்கும் தாயிடம் அதைக் கேட்டுப் பதிலைப் பதிவில் எழுதினால், வாயே திறக்காதவள்கூட "நேத்து மாதிரி இல்லீங்க, இவன் இப்படிக் கெடக்கிற பிள்ளையே இல்ல" என்று சொல்லிவிடுவாள். சுகாதார அமைச்சு இதை ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கலாம். செய்யட்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முன்னே சொன்ன ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் முதல் தடவை டொக்டரிடம் போனபோதே வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டொக்டர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. முதல் சில மணி நேரத்தில் கடும் நோயும் சாதாரணக் காய்ச்சலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம் பக்கத்தில் நடப்பது வேறு. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ காலையில் காட்டிவிட்டு, சிரப்போடு ஓட்டோவுக்குக் காசு கொடுத்துத் திரும்பிய குடும்பம், ராத்திரி பிள்ளை இன்னும் மோசமானால் தயங்குகிறது. "காலையிலதானே காட்டினோம், மறுபடி போனா ஏசுவாங்க" என்ற பேச்சு வருகிறது. ஏசினாலும் போங்கள். புறப்படும் முன்பே வைத்தியரிடம், "என்ன கண்டா திரும்ப வரணுங்க டொக்டர்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதில் ஒன்று தெரிந்தாலும், அவர் சொல்லாத ஏதோ ஒன்று உங்கள் மனசுக்குச் சரியாகப் படாவிட்டாலும், திரும்ப வரச் சொல்லித் துண்டில் எழுதிய மூன்றாம் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை; அன்றிரவே 1990-ஐ அழைக்கலாம்.